தங்கப் பந்தும் தறிக்குழியும்

ஏழே ஏழு புள்ளி. 2019 டிசம்பர் 2ஆம் தேதி இரவு பாரிஸில் ‘தங்கப் பந்து’ எனும் பாலோன் தோர் விருதை அறிவித்தபோது லியோனல் மெஸ்ஸிக்கு 686, லிவர்பூலின் வெர்ஜில் வான் டைக்குக்கு 679. நாட்டுக்கு ஒரு பத்திரிகையாளர் வீதம் போட்ட ஓட்டு அது. அதில் இந்தியாவின் ஓட்டும் ஒன்று. இரண்டே பேர் முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் மாற்றி எழுதியிருந்தால், தங்கப் பந்து லிவர்பூலுக்குப் போயிருக்கும்.

காஞ்சிபுரத்தில் 2019 என்றால் அத்திவரதர் வந்த வருஷம். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை குளத்தை விட்டு வெளியே வரும் பெருமாள் ஜூலை 1 தொடங்கி 48 நாள் காட்சி கொடுத்தார். சின்ன காஞ்சிபுரத்தில் கால் வைக்க இடமில்லை. சரியாக அதற்கு ஒரு மாதம் முன்னால், ஜூன் 1ஆம் தேதி மாட்ரிட்டில் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது. கல்யாணமோ சாவோ, எதற்கும் தேதி சொல்ல ஊருக்கு அந்த வருஷம் கைவசம் இருக்கிறது. வான் டைக்குக்கு அநியாயம் நடந்தது எப்போது என்று கேட்டாலும் அதே பதிலைச் சொல்லலாம்.

2010 முதல் 2019 வரை ஐரோப்பியக் கால்பந்தில் தலைசிறந்தவர் யார்? பத்தாண்டு முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது, வழக்கு முடியவில்லை. வரதராஜப் பெருமாள் சந்நிதியில் யார் பாடுவது என்று வடகலையும் தென்கலையும் நூறாண்டுக்கு மேலாக நீதிமன்றப் படி ஏறி இறங்கும் ஊரில், மெஸ்ஸி கட்சியும் ரொனால்டோ கட்சியும் பத்துப் பதினைந்து வருஷம் மோதிக்கொள்வது பெரிய காரியமே இல்லை. என்னுடைய மனத்தாங்கல் வேறு. முதல் இரண்டு இடத்துக்கு அடித்துக்கொண்டே நாம் மூன்றாவது இடத்தை யாரும் கேட்காமல் விட்டுவிட்டோம். உண்மையான வழக்கு அங்கேதான் இருக்கிறது.

கம்பெனி கேட்டில் இருந்த பெயர்கள்

வியாசர்பாடி போல, கோழிக்கோடு போல, கொல்கத்தா போல காஞ்சிபுரத்தைக் கால்பந்து ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2022 உலகக் கோப்பைக்கு முன் கோழிக்கோடு பக்கம் புல்லாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் கட்-அவுட் வைத்தார்கள். ஃபிஃபாவே அந்தப் படத்தைப் பகிர்ந்தது. பாலாற்றில் அப்படி எதுவும் முளைக்கவில்லை. இங்கே கட்-அவுட் என்றால் அது நடிகருக்கு.

ஆனால் இந்த மாவட்டத்துக்கு ஐரோப்பியக் கால்பந்தோடு இருக்கும் சம்பந்தம், பல பேர் கவனிக்காத இடத்தில் இருக்கிறது. 2012இல் செல்சி அணி மியூனிக்கில் பயர்ன் அணியை பெனால்டியில் சாய்த்து சாம்பியன்ஸ் லீக் வென்றபோது, திதியே த்ரோக்பாவின் நெஞ்சில் இருந்த பெயர் சாம்சங். ஸ்ரீபெரும்புதூரில் அந்த நிறுவனத்தின் ஆலை அதற்கு ஐந்து வருஷம் முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. 2014-15 பருவம் முதல் சாம்பியன்ஸ் லீக் மைதான விளிம்புகளில் ஓடிய விளம்பரம் நிசான். ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து கட்டிய தொழிற்சாலை திறந்தது 2010இல். மான்செஸ்டர் யுனைடெட்டின் டயர் கூட்டாளியாக 2013இல் சேர்ந்த அப்போலோ டயர்ஸுக்கும் ஒரகடத்தில்தான் ஆலை. உலகக் கோப்பைக்கு உலகக் கோப்பை பலகையில் வரும் ஹூண்டாய், 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறது. பெர்லினிலும் மிலானிலும் கேமரா திரும்பும்போது தெரிந்த பெயர்கள், இங்கே ஷிப்ட் பஸ் நிற்கும் கேட்டில் எழுதியிருக்கும் பெயர்கள்.

அந்த பஸ்ஸில் ஏறியவர்களில் நெசவு வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். பிள்ளையார்பாளையத்தில் அப்பா தறிக்குழியில் இறங்க, மகன் நீலச் சட்டை போட்டு ஒரகடம் போன கதை ஒரு வீட்டுக் கதை அல்ல, தெருக்கதை. தறி பகல் வெளிச்சத்தைக் கேட்கும் வேலை. நூலும் நிறமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொழிற்சாலைக்கு வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வீடு வருகிறவன் உடனே தூங்குவதில்லை. சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியில் நம் கடிகாரத்துக்குக் கோடையில் 12.15க்கும் குளிர்காலத்தில் 1.15க்கும் தொடங்கியது. சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார வசதியான நேரம். வீட்டில் மற்றவர்கள் தூங்குவதால் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மெஸ்ஸி கோல் போட்டாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் குதிக்க வேண்டும்.

முதலில் டென் ஸ்போர்ட்ஸ், பிறகு சோனி. 2018-19 பருவம் வந்ததும் ஸ்பெயின் லீக்கின் ஒளிபரப்பு உரிமையை மூன்று பருவத்துக்கு ஃபேஸ்புக் வாங்கி, இந்தியத் துணைக்கண்டம் முழுக்க இலவசமாகவே காட்டியது. கையில் போன், சல்லிசான டேட்டா, காசில்லாத மெஸ்ஸி. கொடுமை என்னவென்றால், அதே 2018 ஜூலையில் ரொனால்டோ மாட்ரிட்டை விட்டு யுவென்டஸுக்குப் போய்விட்டார். பந்தி விரித்த அன்று பாதி விருந்தாளி ஊரில் இல்லை.

எந்தப் பத்து, எந்த ஐரோப்பா

சண்டையைத் தொடங்குமுன் வரப்பு போட வேண்டும். இதைச் செய்யாமல் கத்துகிறவர்களால்தான் பாதித் தலைவலி.

பத்தாண்டு என்றால் 2010 முதல் 2019 வரையா, 2011 முதல் 2020 வரையா? கால்பந்துப் புள்ளிவிவரக் கூட்டமைப்பான ஐ.எஃப்.எஃப்.எச்.எஸ். இரண்டாவது கணக்கை எடுத்துக்கொண்டு மெஸ்ஸியைப் பத்தாண்டின் சிறந்தவராக அறிவித்தது. முதலிடத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. அதற்குக் கீழே எல்லாம் புரண்டுவிடும். 2010ஐ வெட்டினால் ஸ்பெயினின் உலகக் கோப்பை போச்சு. இன்டர் மிலானோடு மூன்று பட்டம் வாங்கி, நெதர்லாந்தை இறுதிப் போட்டி வரை இழுத்து வந்த வெஸ்லி ஸ்னைடர் போச்சு. 2020ஐச் சேர்த்தால் ராபர்ட் லெவன்டோவ்ஸ்கி மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே வருவார். அந்தப் பருவத்தில் அவர் 55 கோல். பயர்னுக்கு மூன்று பட்டம். கொரோனாவைக் காரணம் காட்டி அந்த வருஷத்து பாலோன் தோரையே ரத்து செய்துவிட்டார்கள். நான் 2010-2019 என்றே வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவர்கள் வாயில் வருவது அதுதான்.

இன்னொரு கள்ளக்கணக்கும் நடக்கிறது. 2022 டிசம்பரில் கத்தாரில் மெஸ்ஸி வாங்கிய உலகக் கோப்பையை அவருடைய ரசிகர்கள் 2010களுக்குள் கடத்திக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பத்தாண்டில் அர்ஜென்டினாவோடு அவர் கண்டது 2014 உலகக் கோப்பை இறுதித் தோல்வி, 2015இலும் 2016இலும் கோபா அமெரிக்கா இறுதியில் சிலியிடம் பெனால்டி தோல்வி. 2016இல் மனம் வெறுத்து நாட்டு அணியை விட்டே விலகி, பிறகு திரும்பி வந்தார். வழக்கு நடக்கும் காலத்துக்குரிய சாட்சிதான் செல்லும்.

ஐரோப்பிய ஆட்டக்காரர் என்றால் யார் என்பது இரண்டாவது வரப்பு. ஐரோப்பாவில் ஆடுகிறவரா, பிறந்தவரா? இது வெறும் வாய்ச்சண்டை இல்லை. 1956இல் பிரான்ஸ் ஃபுட்பால் பத்திரிகை பாலோன் தோரைத் தொடங்கியபோது ஐரோப்பிய நாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுத்தது. அதனால்தான் பெலேவும் மரடோனாவும் ஆடிய காலத்தில் வாங்கவில்லை. 1995இல் விதி தளர்ந்தது. லைபீரியாவின் ஜார்ஜ் வேயா முதலாவதாக நுழைந்தார். 2007இல் உலகம் முழுக்கத் திறந்துவிட்டார்கள்.

அந்தப் பழைய விதியை 2010களுக்குப் பொருத்திப் பார்க்கலாம். மெஸ்ஸியை எடுத்துவிட்டு, விழுந்த ஓட்டின்படி அடுத்து நிற்கும் ஐரோப்பியருக்கு விருதைக் கொடுத்தால், 2011 தொடங்கி 2017 வரை ஏழு வருஷமும் ரொனால்டோ. 2018இல் லூக்கா மொத்ரிச். 2019இல் வான் டைக். 2010இல்? ஆந்த்ரேஸ் இனியெஸ்டா. இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு

இதில் அதிகம் நிற்கத் தேவையில்லை. பத்து ஆண்டில் ஒன்பது விருதை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள்: மெஸ்ஸி ஐந்து (2010, 2011, 2012, 2015, 2019), ரொனால்டோ நான்கு (2013, 2014, 2016, 2017).

ரொனால்டோ கட்சியின் வாதம் கோப்பை. 2014, 2016, 2017, 2018 என்று நான்கு சாம்பியன்ஸ் லீக். அதே காலத்தில் மெஸ்ஸிக்கு 2011, 2015 இரண்டுதான். 2013-14 பருவத்தில் அந்த ஒரு போட்டியில் மட்டும் 17 கோல், இன்னும் யாரும் தாண்டவில்லை. 2016இல் போர்ச்சுகலுக்கு ஐரோப்பியக் கோப்பை. இறுதிப் போட்டியில் 25ஆவது நிமிஷமே முட்டியில் அடிபட்டு அழுதுகொண்டே வெளியேறியவர், பிறகு கோட்டோரத்தில் நின்று பயிற்சியாளரை விடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்ததை மறக்க முடியாது. 2018 ஏப்ரலில் தூரின் நகரில் பின்னால் சாய்ந்து பறந்து உதைத்த கோலுக்கு யுவென்டஸ் ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மெஸ்ஸி கட்சி சாதாரணமாக எண்ணிக்கையில் தொடங்கும்: 2012இல் ஒரே வருஷத்தில் 91 கோல். 1972இல் கெர்ட் முல்லர் போட்ட 85ஐத் தாண்டிய கணக்கு. ஆனால் எண்ணிக்கையில் ரொனால்டோவும் சளைத்தவர் இல்லை என்பதால், வாதம் சீக்கிரமே ‘கண்ணால் பார்த்தியா’ என்பதற்குத் தாவும். 2015 மே மாதம் பயர்னுக்கு எதிராக ஜெரோம் போவாடெங் இடுப்பு மடங்கி விழுந்ததைப் பார்த்தியா. 2017 ஏப்ரலில் மாட்ரிட் மைதானத்தில் கடைசி நொடியில் கோல் அடித்து, சட்டையைக் கழற்றிக் கூட்டத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டினானே, பார்த்தியா. பிறகு ‘பெனால்டோ’, ‘பெஸ்ஸி’ என்று பட்டப்பெயர்கள் பறக்கும். இரண்டு பக்கமும் பெனால்டியைத்தான் வசவாக வைத்திருப்பது வேடிக்கை. அதற்குப் பிறகு வாதம் இல்லை, வயிற்றெரிச்சல்தான்.

என் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஆடியவர்களில் மெஸ்ஸி; ஐரோப்பாவில் பிறந்தவர்களில் ரொனால்டோ. மெஸ்ஸியை மேலே வைப்பதற்குக் காரணம் கோல் இல்லை. கோல் அடித்தவரும், கோலுக்கு முந்திய பந்தைக் கொடுத்தவரும், அதற்கு முந்திய பந்தைக் கண்டுபிடித்தவரும் ஒரே ஆளாக இருந்தது அவர் ஒருவர்தான். மறுக்கிறவர்கள் மறுக்கலாம், நான் நகர்கிறேன்.

ஓட்டுப் பெட்டியின் கதை

நகர்வதற்கு முன் இந்த விருது எப்படிக் கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் மெஸ்ஸி-ரொனால்டோ என்ற இரட்டைச் சுவரை எழுப்பியதில் ஓட்டுமுறைக்கும் பங்கு உண்டு.

2010 முதல் 2015 வரை பிரான்ஸ் ஃபுட்பாலும் ஃபிஃபாவும் சேர்ந்து விருதைக் கொடுத்தன. பத்திரிகையாளர்களோடு ஒவ்வொரு நாட்டின் கேப்டனும் பயிற்சியாளரும் ஓட்டுப் போட்டார்கள். இந்திய அணியின் கேப்டன் ஓட்டுக்கும் ஜெர்மனி கேப்டன் ஓட்டுக்கும் ஒரே எடை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடுகிற கேப்டனுக்கு வாரம் முழுக்க ஐரோப்பிய ஆட்டம் பார்க்க ஏது நேரம்? தெரிந்த பெயருக்குத்தான் விழும். 2010இல் பத்திரிகையாளர் ஓட்டை மட்டும் எண்ணியிருந்தால் ஸ்னைடர் ஜெயித்திருப்பார். எல்லாவற்றையும் கூட்டியபோது அவர் முதல் மூன்றிலேயே இல்லை.

2013 இன்னும் சுவாரசியம். பயர்னுக்கு மூன்று பட்டம் வாங்கிக்கொடுத்த பிரான்ஸின் ஃப்ராங்க் ரிபேரிக்குத்தான் விருது என்று பேச்சு. ஓட்டுப் போடக் கடைசி நாள் நவம்பர் 15. போதிய ஓட்டு வந்து சேரவில்லை என்று காரணம் சொல்லி ஃபிஃபா அதை 29 வரை நீட்டியது. ஏற்கெனவே போட்டவர்களும் மாற்றிக்கொள்ளலாம் என்றது. இடையில் நவம்பர் 19ஆம் தேதி ஸ்வீடனில், உலகக் கோப்பைத் தகுதிக்கான வாழ்வா சாவா ஆட்டத்தில், ரொனால்டோ மூன்று கோல் அடித்தார். முடிவு: ரொனால்டோ 27.99 சதவீதம், மெஸ்ஸி 24.72, ரிபேரி 23.36. பத்திரிகையாளர் ஓட்டில் மட்டும் ரிபேரி முதலிடம். அந்த மூன்று கோலைக் குறைசொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஏலத்தில் சுத்தியல் தட்டிய பிறகு இன்னொரு விலை கேட்க விட்டால், நம் ஊர்ச் சந்தையில் சும்மா விடுவார்களா?

அந்த வருஷம் கேப்டன்களின் ஓட்டுச் சீட்டும் வெளியானது. அர்ஜென்டினா கேப்டன் மெஸ்ஸி எழுதியது இனியெஸ்டா, சாவி, நெய்மார். மூவரும் அவருடைய பார்சலோனா தோழர்கள். போர்ச்சுகல் கேப்டன் ரொனால்டோ எழுதியது ஃபல்காவ், பேல், ஓஸில். இவர் அவருக்கும் போடவில்லை, அவர் இவருக்கும் போடவில்லை. நம் உள்ளாட்சித் தேர்தலில் இதைவிடப் பெருந்தன்மை பார்த்திருக்கிறேன்.

2016இல் இரண்டு அமைப்பும் பிரிந்தன. பாலோன் தோர் மறுபடி பத்திரிகையாளர் கைக்குப் போனது. 2022இல் அதையும் சுருக்கி, உலகத் தரவரிசையில் முதல் நூறு நாட்டுப் பத்திரிகையாளருக்கு மட்டும் என்றார்கள். அந்த நேரத்தில் இந்தியா நூறுக்கு வெளியே இருந்தது. ஃபிஃபாவின் ‘தி பெஸ்ட்’ விருதில் மட்டும் இந்தியக் கேப்டனுக்கும் பயிற்சியாளருக்கும் ஓட்டு மிச்சம். அதில் ரசிகர்களுக்கும் பங்கு வைத்தார்கள். இணையத்தில் எந்த ஊர்க்காரரும் போடலாம். பிள்ளையார்பாளையத்தில் போன் வைத்திருப்பவருக்கும் பார்சலோனாவில் போன் வைத்திருப்பவருக்கும் அங்கே ஒரே ஓட்டு.

புடவையைத் திருப்பிப் பார்

காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒன்று உண்டு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு இன்னொரு நிறம். கரையின் பாவும் வேறு, ஊடையும் வேறு. இரண்டு பக்கக் கரையும் உடலிலிருந்து வேறு நிறமானால் மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளி குழியில் கால் வைத்து உட்கார்ந்து உடலையும் ஒரு பக்கக் கரையையும் பார்த்துக்கொள்வார். மறு பக்கக் கரைக்கு இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை வாங்கி, திருப்பி விட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். இவர் ஒரு நொடி முந்தினால் அங்கே சுருங்கும். அவர் ஒரு நொடி பிந்தினால் இடைவெளி விழும். இணைப்பு தெரியாமல் இருக்கத் தாழம்பூ ரேக்கு போட்டு மறைப்பதும் உண்டு. பட்டு தெரிந்தவர்கள் கடையில் முதலில் முந்தியைப் பார்ப்பதில்லை. புடவையைப் புரட்டி, பின்பக்கத்தில் கரை சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கிறார்கள். கையில் சிக்காமல் போனால் அது சரக்கு. பக்கத்தில் உட்கார்ந்து நாடா வாங்கியவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

பாலோன் தோர் ஓட்டாளிகள் பத்து வருஷமும் முந்தியை மட்டும் பார்த்தார்கள். சாவி 2009, 2010, 2011 என்று வரிசையாக மூன்று முறை மூன்றாமிடம். அந்தப் படியில் அவருக்கு நிரந்தர விலாசமே இருந்தது. பக்கத்தில் செர்ஜியோ புஸ்கெட்ஸ், பட்டியலில் மேலே வந்ததே இல்லை. பயர்னிலும் மாட்ரிட்டிலும் டோனி குரூஸ் செய்ததும் இதே வேலை.

மூன்றாவது இடத்துக்கு என் ஆள் இனியெஸ்டா. 2010 ஜூலை 11, ஜோகன்னஸ்பர்க், கூடுதல் நேரத்தில் 116ஆவது நிமிஷம்: ஸ்பெயினுக்கு முதல் உலகக் கோப்பையைக் கொடுத்த ஒரே கோல் அவருடையது. அடித்ததும் மேல்சட்டையைக் கழற்றினார். உள்ளே எழுதியிருந்தது முந்தைய ஆண்டு இறந்துபோன தானி ஹார்கேவின் பெயர். ஹார்கே ஆடியது எஸ்பான்யோலுக்கு, அதாவது பார்சலோனாவுக்கு உள்ளூர் எதிரி அணிக்கு. அதற்குப் பிறகு எஸ்பான்யோல் மைதானத்துக்கு இனியெஸ்டா போனபோது எதிரி ரசிகர்கள் எழுந்து நின்றார்கள். 2015 நவம்பரில் மாட்ரிட்டில் பார்சலோனா 4-0 என்று ஜெயித்தபோது அவரை வெளியே அழைத்தார்கள். மாட்ரிட் ரசிகர்களே கைதட்டினார்கள். மெஸ்ஸிக்குக்கூட அங்கே அப்படி நடந்ததில்லை.

உணர்ச்சியை விட்டுவிடுவோம், சாட்சிக்கு வருவோம். 2010 உலகக் கோப்பை இறுதியில் ஆட்ட நாயகன் இனியெஸ்டா. 2012 ஐரோப்பியக் கோப்பை இறுதியில், இத்தாலியை 4-0 என்று வென்ற ஆட்டத்தில், ஆட்ட நாயகன் இனியெஸ்டா. 2015 பெர்லினில் யுவென்டஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆட்ட நாயகன் இனியெஸ்டா. மூன்று வகைப் பெரிய இறுதியிலும் அப்படி நின்றவர் வேறு யாரும் இல்லை. இதில் 2012தான் எனக்குப் பிடித்தது: தொடர் முழுக்க ஒரு கோல்கூட அடிக்காமல் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அந்த ஆகஸ்டில் ஐரோப்பியக் கால்பந்து சங்கம் கொடுத்த சிறந்த ஆட்டக்காரர் விருதில் மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் பின்தள்ளினார்.

அவர் ஆட்டத்தில் பந்து அடிக்கப்படுவதை விட மறைவதுதான் அதிகம். இடது காலில் இருந்து வலது காலுக்கு ஒரு தட்டு. தடுக்க வந்தவர் அப்போதுதான் எடையை ஒரு காலில் ஊன்றியிருப்பார், அந்தக் காலின் பக்கமாகவே இவர் போய்விடுவார். வேகம் கிடையாது. ஸ்லோ மோஷனில் போட்டாலும் அதே வேகம்தான் தெரியும். அடுத்த நாள் செய்தித்தாளில் கோல் அடித்தவர் படம் இருக்கும்.

2018இல் இனியெஸ்டா பார்சலோனாவை விட்டு ஜப்பானுக்குக் கிளம்பிய வேளையில், பிரான்ஸ் ஃபுட்பால் பத்திரிகை அவருக்கு விருது கொடுக்காமல் போனதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு எழுதியது. விருது கொடுக்கிறவர்களே கேட்ட மன்னிப்பு. அதைவிட நான் என்ன சாட்சி கொண்டுவர முடியும்?

மற்ற மனுதாரர்கள்

மொத்ரிச்சுக்காக வாதாடுகிறவர்களை நான் மதிக்கிறேன். நாற்பது லட்சம் பேர் சுமாராக இருக்கும் குரொயேஷியாவை 2018இல் மூன்று ஆட்டம் தொடர்ந்து கூடுதல் நேரம் ஆடவைத்து உலகக் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார். மாட்ரிட்டின் நான்கு சாம்பியன்ஸ் லீக்கிலும் நடுக்களம் அவருடையது. ஆனால் பத்தாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் இன்னும் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

கோல்கீப்பர்களில் மானுவல் நொயர். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராகப் பெட்டியை விட்டு வெகுதூரம் ஓடி வந்து தற்காப்பு ஆட்டக்காரர் வேலையும் பார்த்தார். அந்த வருஷம் மூன்றாமிடம், மெஸ்ஸிக்கு 15.76 சதவீதம், இவருக்கு 15.72. பாலோன் தோர் வாங்கிய ஒரே கோல்கீப்பர் 1963இல் லெவ் யாஷின் என்பதைச் சொன்னால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. லெவன்டோவ்ஸ்கிக்கு 2015 செப்டம்பரில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஒன்பது நிமிஷத்தில் அடித்த ஐந்து கோல் ஒன்றே போதும். ஆனால் அவர் ஆண்டு 2020, நாம் போட்ட வரப்புக்கு அந்தப் பக்கம்.

சென்னைக்கு வந்த ஐரோப்பியர்களைக் கேட்கிறீர்களா? 2014இல் மார்கோ மத்தெராட்ஸி சென்னையின் எஃப்.சி.க்குப் பயிற்சியாளராக வந்தார், அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்டா கொஞ்ச நாள் ஆடினார். இருவரும் 2006 உலகக் கோப்பை வென்ற இத்தாலிக்காரர்கள். முந்தைய பத்தாண்டின் மிச்சம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீபெரும்புதூரும் சென்னையும் மூழ்கிக் கிடந்த மாதத்தில், மத்தெராட்ஸியின் அணி கோவாவில் 3-2 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கியது. பட்டியலுக்கு உதவாது, மனசுக்கு உதவியது.

இந்த வழக்கில் பெண்கள் பெயரே வரவில்லை என்பதை யாராவது கவனித்தீர்களா? பெண்களுக்கான பாலோன் தோர் தொடங்கியதே 2018இல்தான். முதலில் வாங்கியவர் நார்வேயின் ஆடா ஹெகர்பெர்க். 2019 மே மாதம் புடாபெஸ்டில் பார்சலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் முதல் அரை மணிக்குள் மூன்று கோல் போட்டார். அவர் ஆடிய லியோன் அணி 2016 முதல் 2020 வரை தொடர்ந்து ஐந்து முறை அந்தக் கோப்பையை வாங்கியது. மாட்ரிட் ஆண்கள் மூன்றோடு நின்றார்கள். தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன் பட்டத்தை 2018இல் மணிப்பூரை வீழ்த்தி வாங்கிய மாநிலம் தமிழ்நாடு. சந்தோஷ் டிராபியில் நம் ஆண்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வாய்க்கவில்லை. ஆனாலும் டீக்கடையில் ஹெகர்பெர்க் என்றால், யார் சார் அது என்பார்கள்.

செர்ஜியோ ராமோஸை ஏன் விட்டாய் என்று கடிதம் வரும் என்று தெரியும். நியாயமான கேள்வி. உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் லீக், எல்லாம் இந்தப் பத்தாண்டுக்குள். 2014 லிஸ்பன் இறுதியில் மொத்ரிச் அடித்த கார்னரை 93ஆவது நிமிஷத்தில் தலையால் மோதி உள்ளே தள்ளினார். அது இல்லையென்றால் மாட்ரிட்டின் பத்தாவது கோப்பையே இல்லை. 2016 இறுதியிலும் கோல். இந்தக் கோப்பைகளை மட்டும் எண்ணினால் இனியெஸ்டாவை அவர் தாண்டிவிடுவார். எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். 2018 கீவ் இறுதிப் போட்டியில் முகமது சலாவின் தோள்பட்டைக்கு என்ன நடந்தது என்பதற்கும் அதே கடிதத்தில் ஒரு பதில் சேர்த்துவிடுங்கள்.